ஹைதராபாத்தில் சிறியதொரு ஹோஸ்டிங் சேவை தொடங்க நினைப்போருக்கு

அமீர்பேட்டைப் பயிற்சிக் கூடங்களில் லினக்ஸ் நிர்வாகமும் கிளவுட் தொழில்நுட்பமும் பயின்று, மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ பெரிய நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, பிறகு சொந்தமாக ஏதேனும் தொடங்கவேண்டுமென்ற எண்ணம் வேரூன்றிய இளைஞர்கள், நான் இத்தொழிலில் நெடுநாளாக இருப்பவன் என்பதை யார் மூலமாகவோ அறிந்து வந்து, பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அமேசானும் மைக்ரோசாஃப்டும் நம் ஊரின் எல்லைக்கே வந்து தரவு மையங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், நாலைந்து செர்வர்களை வைத்துக்கொண்டு ஹோஸ்டிங் சேவை நடத்த ஒருவனுக்கு இடமிருக்கிறதா என்பதே அது. இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அந்த இடத்தைப் பிடிப்பதற்கு வேண்டியது எது என்று நான் சொல்லும்போது, அவர்கள் எதிர்பார்த்த பதிலுக்கும் என் பதிலுக்கும் நடுவே வெகுதூரம் இருப்பதை அவர்கள் முகத்திலேயே காண்கிறேன். விலையையும் விளம்பரத்தையும் பற்றி நான் பேசுவேனென்று அவர்கள் நினைக்கிறார்கள். நானோ, திறப்பு நாளுக்கு முன்பாக, அழிந்துபோன ஒரு தளத்தை மீண்டும் உயிர்ப்பித்துப் பார்த்தாயிற்றா என்று கேட்கிறேன். அதைச் சற்று விரிவாகவே எழுதி வைப்பது நலமென்று தோன்றியது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டிடத்தைத் திறந்துவைத்தார். இணையச் சேவையைத் தனியாரும் நடத்தலாமென்று மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டதும் அதே ஆண்டில்தான். அந்த அனுமதியைக் கொண்டு நாட்டின் முதல் தனியார் இணையச் சேவையைத் தொடங்கிய சத்யம் இன்ஃபோவே, ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸிலிருந்து பிறந்து, சென்னையில் தலைமையலுவலகத்தை அமைத்துக்கொண்டு, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலும் இடம்பெற்றது. ஆகவே இத்துறையில் இவ்விரு நகரங்களுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 2007ல் ஸ்ரீதர் பின்னபுரெட்டி இங்கே கன்ட்ரோல்எஸ் என்ற தரவு மைய நிறுவனத்தைத் தொடங்கினார். 2016ல் தெலங்கானா அரசு தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்றுக்கும் அடுத்ததாக ஹைதராபாத்தில் தன் நான்காவது இந்தியத் தரவு மையப் பிராந்தியத்தை அமைக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அமேசான், மும்பைக்கு அடுத்த தன் இரண்டாவது இந்தியப் பிராந்தியத்தை இங்கே திறந்துவிட்டது.

இவர்களெல்லாம் இவ்வூரை நாடி வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. தக்காணப் பீடபூமியின் பழம்பாறைமேல் அமர்ந்திருக்கும் இந்நகரத்தில் நிலநடுக்க அபாயம் குறைவு; கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் புயலின் முழு வேகம் இங்கே வந்து தாக்குவதில்லை; கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையோ ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஒளியானது கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், சென்னைக்குப் போய்த் திரும்ப அதற்கு ஆறு மில்லி விநாடி இருந்தால் போதும். நடுவிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் அது சற்றே கூடும், அவ்வளவுதான். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செர்வருக்குப் போய்த் திரும்பவோ, ஒளியின் வேகத்திலேயே கணக்கிட்டாலும் 130 மில்லி விநாடியாகும். நடைமுறையில் அது 200ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு பக்கம் திறப்பதற்கு இத்தகைய பயணங்கள் பல தேவைப்படும்போது, செகந்தராபாத்திலிருக்கும் பள்ளிக்கூடமொன்று தன் தளத்தைக் கடல் கடந்து வைத்துக்கொண்டு, பெற்றோர்களைக் காக்கவைப்பதில் பொருளில்லை.

பெரிய தரவு மையங்கள் வந்ததனால் சிறியவன் அழிந்துபோவான் என்று பலர் கருதுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இரட்டை மின்வழி, மின்கலத் தொகுதி, டீசல் ஜெனரேட்டர், குளிர்சாதனம், தீயணைப்பு, இரவும் பகலும் காவல் ஆகிய யாவற்றையும் ஒருவன் சொந்தமாக நிறுவ முயன்றால், அவனுடைய மூதாதையர் தேடிவைத்த சொத்து முழுவதையும் விற்றாலும் போதாது. அவையெல்லாம் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கும் ஒரு மையத்தில், 42 அலகு உயரமுள்ள ரேக்கில் நாலைந்து அலகை வாடகைக்குப் பிடித்து, தன் இயந்திரத்தை அதில் பொருத்தி, அது உண்ணும் மின்சாரத்திற்கும் இணைப்பிற்கும் மாதந்தோறும் பணம் செலுத்திவருவதென்றால், அது ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞனின் சக்திக்கு உட்பட்ட காரியமாகிவிடுகிறது. மே மாதத்து வெயில் 40 டிகிரியைக் கடக்கும்போது அந்த இயந்திரங்களைக் குளிர்விக்கும் கவலை அவனைச் சேராது. பெரியவர்கள் கட்டிய மாளிகையின் ஒரு மூலையே சிறியவனுக்கு வேண்டிய மூலதனம்.

சரி, வாடிக்கையாளர் யார்? கோடிக்கணக்கான பேர் வந்துபோகும் தளங்களை நடத்துவோர் நம்மிடம் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். பேகம் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர், அமீர்பேட்டையில் பயிற்சிக் கூடம் நடத்துபவர், மேற்கு மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கீத சபை, ஒரு பல் வைத்தியர், ஒரு கணக்காயர், பத்துப் பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் - இவர்களே நம் உலகம். இவர்களுக்கு அமேசானின் நிர்வாகப் பலகையிலுள்ள நூற்றுக்கணக்கான சேவைகளில் எதைத் தேர்வதென்று தெரியாது. மாத முடிவில் டாலர் கணக்கில் எவ்வளவு பில் வருமென்ற நிச்சயமும் கிடையாது. இவர்களுக்கு வேண்டியது, ரூபாயில் முன்கூட்டியே தெரிந்த ஒரு தொகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. காட்டிய ஒழுங்கான ரசீது, யு.பி.ஐ. மூலம் செலுத்தும் சௌகரியம், இவற்றோடு, தளம் நின்றுபோனால் பேசுவதற்கு ஒரு மனிதர். "சைட் ஓபன் அவட்லேது அண்டி" என்று தெலுங்கிலும், "சைட் குல்ரா நை பாய்" என்று தக்கினியிலும், "சார், சைட் திறக்கலை, கொஞ்சம் பாருங்க" என்று தமிழிலும் வரும் அழைப்புகளை அந்தந்த மொழியிலேயே கேட்டு, நிதானமாகப் பதில் சொல்லி, சொன்னபடி சரிசெய்து கொடுக்கும் திறமை எந்தப் பெரிய நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் இல்லாத சரக்கு.

பணம் செலுத்தும் விஷயத்தை அற்பமென்று எண்ணிவிடவேண்டாம். அட்டைகளிலிருந்து மாதந்தோறும் தாமாகவே பணம் பிடித்துக்கொள்ளும் வழக்கத்திற்கு ரிசர்வ் வங்கி விதித்த புதிய கட்டுப்பாடுகள் 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தபோது, வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனங்களில் தளம் வைத்திருந்த நம் ஊரார் பலருக்கு, வழக்கமாகச் சென்றுகொண்டிருந்த தொகை திடீரென்று செல்லாமல் நின்றது. பணம் இருந்தும் செலுத்த வழியில்லாமல் தளம் முடங்குமோ என்று தவித்தவர்கள், உள்ளூரில் இதைச் செய்பவர் யாரென்று அப்போதுதான் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இனி, தொழிலின் உட்பொருளுக்கு வருவோம். மலிவான பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம் போன்றது: கிணறும் கூடமும் பொது, ஒரு வீட்டில் விசேஷமென்றால் மற்றவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. அதற்கு அடுத்த படி, ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கதவும் பூட்டும் கொடுப்பது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருவின் 2.6.20 பதிப்போடு சேர்ந்து வந்த கே.வி.எம். என்ற வசதி இதைச் சாமானியர்க்கும் எட்டச் செய்தது. இன்று பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்தமூல நிர்வாக மென்பொருளை அதன்மேல் நிறுவிக்கொண்டு, உரிமக் கட்டணம் ஏதுமின்றியே ஒருவன் தொழில் தொடங்கலாம்.

இங்கேதான் நாணயத்தின் முதல் பரீட்சை வருகிறது. 256 ஜி.பி. நினைவகமுள்ள ஓர் இயந்திரத்தில், அதன் சொந்த உபயோகத்திற்கு 16 ஜி.பி. ஒதுக்கினால், மிச்சம் 240. ஆளுக்கு 4 ஜி.பி. வீதம் 60 பேருக்கே அதில் இடமுண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் உபயோகிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் 120 பேரைக் குடிவைப்பவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். பிராசசரைப் பொறுத்தவரை அவ்வாறு ஓரளவு கூடுதலாக விற்பது நியாயமே. தளங்களெல்லாம் பெரும்பொழுது சும்மாதான் இருக்கின்றன. நினைவகம் அப்படியன்று, அது தீர்ந்துபோனால் இயந்திரம் வட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கி, அதிலுள்ள அனைவரையும் ஒருசேர நத்தை வேகத்திற்கு இழுத்துவிடும். இன்டர்மீடியட் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பயிற்சிக் கூடங்களின் தளங்களுக்கு ஆண்டு முழுவதும் வராத கூட்டம் ஒரு மணி நேரத்தில் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்திற்காகவே அவர்கள் நமக்கு ஆண்டு முழுவதும் பணம் கொடுக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். அன்று கைவிரிப்பவன் மறுநாள் வாய்திறக்க முடியாது. வாடிக்கையாளர் இதைத் தாமே சோதித்தும் அறியலாம்: லினக்ஸில் டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால், பிராசசர் வரியின் கடைசியில் எஸ்.டி. என்று ஓர் எண் தெரியும். தமக்கு உரிய பிராசசர் நேரத்தில் எவ்வளவு பிறருக்குப் போய்விட்டது என்பதை அது காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும்படி நானே என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். 'அன்லிமிடெட்' என்ற சொல்லை விளம்பரத்தில் போடுவோரைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது. வட்டுக்கும் நினைவகத்திற்கும் வரம்புண்டு, வரம்புள்ளதை வரம்பில்லாததென்று விற்பது பொய்.

விலையைப் பற்றி ஒரு கணக்குப் பார்ப்போம். மேற்சொன்ன 60 பேரும் மாதம் 600 ரூபாய் வீதம் கொடுத்தால், வருமானம் 36,000 ரூபாய். ரேக் வாடகை, மின்சாரம், இணைப்பு, ஐ.பி. முகவரிகள், சில ஆண்டுகளில் மாற்றியே தீரவேண்டிய இயந்திரத்தின் தேய்மானம், பழுதானால் உடனே பொருத்தக் கைவசமிருக்கவேண்டிய மாற்று இயந்திரம், வேறோர் ஊரில் வைக்கும் காப்புப் பிரதிகளின் செலவு, இரவில் தொலைபேசியை எடுப்பவருடைய சம்பளம் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். பக்கத்துக் கடைக்காரன் 99 ரூபாய்க்குக் கொடுக்கிறான் என்று கேட்டுத் தானும் இறங்குபவன், இந்தப் பட்டியலில் எதையாவது வெட்டியாகவேண்டும். வெளியே தெரியாத செலவு காப்புப் பிரதி ஒன்றுதான் என்பதால் பெரும்பாலும் அதன்மேலேயே கத்தி விழுகிறது. டிஜிட்டல்ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 5 டாலர் விலையைக் கொண்டே உலகப் பிரசித்தி பெற்றது. அதுவும் 2022 ஜூலையில் அந்தத் திட்டத்தை 6 டாலராக உயர்த்தவேண்டியிருந்தது. 2019ல் ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருள் விற்கும் சி.பேனல் நிறுவனம் செர்வருக்கு இவ்வளவு என்றிருந்த உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியபோது, மலிவு விலையை நம்பிப் பிழைத்த சிறு நிறுவனங்கள் பட்ட சிரமத்தைத் தொழிலிலிருந்தவர்கள் அறிவார்கள்.

ஐ.பி. முகவரி ஒரு தனி விவகாரம். உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த நான்காம் பதிப்பு முகவரிகள் 2011 பிப்ரவரியிலேயே பங்கிட்டுத் தீர்ந்தன. ஆசியப் பகுதியில் புதிதாக உறுப்பினராகிறவருக்கு இப்போது அதிகபட்சம் 512 முகவரிகளே கிடைக்கும். நம் நாட்டில் இதைக் கவனிப்பது நிக்சி என்ற தேசிய இணைய அமைப்பின் கீழுள்ள இரின் என்ற பதிவகம். அமேசானே 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதத்திற்குச் சுமார் மூன்றரை டாலர், தனியே வசூலிக்கத் தொடங்கியது. நம் கையிலிருக்கும் சில நூறு முகவரிகள் அவ்வளவு அருமையானவை. அவற்றின் நற்பெயரைக் காப்பது அதைவிட அருமையான காரியம். வேர்ட்பிரஸ் தளத்தில் பழைய செருகுநிரல் ஒன்றைப் புதுப்பிக்காமல் ஒருவர் விட்டுவைத்திருப்பார். அதன் வழியே புகுந்த எவனோ இரவோடிரவாக ஆயிரக்கணக்கில் எரிதம் அனுப்புவான். காலையில் ஸ்பாம்ஹாஸ் போன்ற கறுப்புப் பட்டியலில் நம் முகவரி ஏறியிருக்கும். கணக்காயர் தம் கட்சிக்காரருக்கு அனுப்பிய அவசரக் கடிதம் போய்ச் சேராது. ஆகையால் அஞ்சல் வெளியேறும் 25ஆம் எண் வாயிலைத் தொடக்கத்திலேயே மூடிவைத்து, காரணம் கேட்டறிந்த பிறகே திறந்துவிடுவது உத்தமம்.

இப்போது, இளைஞர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 2021 மார்ச் 10ஆம் தேதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டிடமொன்று தீக்கிரையாகி முற்றிலும் அழிந்தது. இணையத்தளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணிப்பின்படி 36 லட்சம் தளங்கள் இணையத்திலிருந்து மறைந்தன. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களுள் ஒன்று அது. அதன் வாடிக்கையாளர்களில் காப்புப் பிரதிக்கெனத் தனியே பணம் செலுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய பிரதியும் அசல் இருந்த அதே கட்டிடத்தில் வைக்கப்பட்டிருந்து, அசலோடு எரிந்துபோயிற்று. பாதிக்கப்பட்ட ஒரு நிறுவனம் வழக்குத் தொடர, ஒப்பந்தத்தில் பிரதி வேறிடத்தில் இருக்குமென்று சொல்லியிருந்ததைச் சுட்டிக்காட்டி, 2023ல் லீல் வணிக நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பணபலமுள்ள அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களில் பற்றிய தீயினால், அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் மீட்க வழியின்றி அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதியே எடுக்கப்பட்டிருக்கவில்லை.

தீ வேண்டுமென்பதுகூட இல்லை. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி, களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், பழுதாயிருந்த துணைத் தரவுத்தளத்தைச் சுத்தம் செய்வதாக எண்ணிக்கொண்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகையான காப்பு முறைகள் அவர்களிடம் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் நம்பும்படியாக இல்லை. ஒத்திகைச் செர்வருக்கென்று தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு படிமமே கைகொடுத்தது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்நிறுவனத்தார் நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணியை உலகமே பார்க்கும்படி நேரலையில் காட்டினார்கள். அவர்களுடைய நேர்மை இன்றளவும் என் மரியாதைக்குரியது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் வேறு. காப்புப் பிரதி எடுக்கப்பட்டது என்று தினந்தோறும் மின்னஞ்சலில் வரும் செய்தியினால் எதுவும் நிரூபணமாவதில்லை. அந்தப் பிரதியிலிருந்து ஒரு தளத்தை, அசல் இயந்திரத்தைத் தொடாமல், வேறோர் இயந்திரத்தில் நிறுத்தி, அதன் முகப்பு திறக்கிறது, நேற்று வந்த விண்ணப்பம் அதில் இருக்கிறது, படங்கள் உடையாமல் இருக்கின்றன என்று கண்ணால் கண்டால்தான் அது பிரதி.

ஆகவே, கடையைத் திறக்குமுன் இந்த மீட்பு ஒத்திகையை நடத்தவேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவதில் பிரதானமானது. நண்பர்கள் சிலருடைய தளங்களை வைத்துக்கொண்டு, ஓர் இயந்திரம் அடியோடு போய்விட்டதாகப் பாவித்து, வெறும் இயந்திரமொன்றிலிருந்து தொடங்கி யாவற்றையும் மீட்டெடுத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த நேரமே நீங்கள் வாடிக்கையாளருக்குத் தரக்கூடிய யோக்கியமான வாக்குறுதி. 99.9 சதவீதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆண்டொன்றுக்கு 8 மணி 45 நிமிஷம் தளம் நிற்கலாம் என்பதுதான் அதன் பொருள். உங்கள் மீட்புக்கு 12 மணி நேரம் ஆகுமென்று கடிகாரம் காட்டியபின், 99.9 என்று பலகை எழுத உங்களுக்கு உரிமையில்லை. இந்த ஒத்திகை திறப்பு நாளோடு தீர்ந்துபோகும் சடங்குமன்று. மாதந்தோறும் ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் பிரதியை எடுத்து மீட்டுப் பார்ப்பதை, மின் கட்டணம் செலுத்துவதைப்போல், தவறாமல் செய்துவரவேண்டும்.

பிரதிகள் இருக்கவேண்டிய இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் இயந்திரம் வைத்திருப்பவர் சென்னையில் ஒரு பிரதி வைப்பது இயல்பானது, வசதியானது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தும் பெருமழையில் தத்தளித்தது. இரண்டும் ஒரே நாளில் மூழ்கியதில்லை. அந்த வித்தியாசத்திற்காகத்தான் இரண்டாவது ஊருக்கு வாடகை கொடுக்கிறோம். இன்னொன்று: பிரதி எடுக்கும் இயந்திரம்தான் அசலிடம் வந்து தரவை வாங்கிச் செல்லவேண்டுமே தவிர, அசல் இயந்திரத்திடம் பிரதிகளை அழிக்கும் சாவி இருக்கக்கூடாது. அப்படி இருந்தால், அசலுக்குள் புகுந்து தரவைப் பூட்டி மீட்புப்பணம் கேட்கும் கயவன், பிரதிகளையும் அதே மூச்சில் அழித்துவிடுவான். ரெஸ்டிக், போர்க் போன்ற இலவசக் கருவிகளில் சேர்க்க மட்டும் அனுமதித்து, அழிக்க விடாமல் வைக்கும் வழி இருக்கிறது. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சேவை நின்றால் அதை அறிவிக்கும் பக்கத்தை நம் செர்வரிலேயே வைக்கக்கூடாது என்பதும் திறப்பு நாளுக்கு முன்பே தீர்மானிக்கவேண்டிய சிறு விஷயம். 2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவில் தடைப்பட்டபோது, அந்தத் தடையை அறிவிக்கவேண்டிய பலகையே அதே எஸ்3ஐச் சார்ந்திருந்ததால், வெகுநேரம்வரை அதை மாற்றி எழுத முடியவில்லை. நம் அறிவிப்புப் பக்கம் வேறொரு நிறுவனத்தின் செர்வரில் இருக்கட்டும். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் ஒரு காகிதத்திலும் இருக்கட்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்ட உத்தரவுப்படி, மெய்நிகர் செர்வர் கொடுப்போர் தம் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த விலாசம், தொலைபேசி எண், கொடுத்த ஐ.பி. முகவரி முதலியவற்றை, அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் காக்கவேண்டும். ஊடுருவல் போன்றவை நேர்ந்தால் அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை மதிப்பவர்களுக்கு இதில் சில ஆட்சேபங்கள் உண்டு; எனக்கும் உண்டு. ஆயினும் சட்டம் சட்டமே. இலவசச் சோதனைக் கணக்கு என்று அறிவித்தவுடன் ஓடிவருவோரில், போலி வங்கிப் பக்கம் வைக்கவும் கிரிப்டோ நாணயம் தோண்டவும் வருபவர்கள் உண்டென்பதால், ஆளை அறிந்தே கணக்குத் தருவது சட்டம் இல்லாவிட்டாலும் செய்யவேண்டிய காரியம்தான்.

சிறியதாகத் தொடங்கியவர்கள் வளர்ந்ததற்கு நம் நாட்டிலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. தருண் துவா 2009ல் டெல்லியில் தொடங்கிய ஈ2ஈ நெட்வொர்க்ஸ், ரூபாய் விலையில் இந்திய நிறுவனங்களுக்கு மெய்நிகர் இயந்திரங்களைக் கொடுத்துவந்து, 2018ல் தேசியப் பங்குச்சந்தையின் சிறுதொழில் பிரிவில் இடம்பெற்றது. 2024 நவம்பரில் அதன் 21 சதவீதப் பங்கைச் சுமார் 1,407 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக எல் அண்ட் டி அறிவித்தது. எல்லோரும் அவ்வளவு உயரம் போகவேண்டுமென்பதில்லை. நூறு பள்ளிக்கூடங்களின் தளங்களைப் பத்து ஆண்டுகள் சிதையாமல் காத்து, அதில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ்ந்தால், அதுவும் பூரண வெற்றியென்றே நான் எண்ணுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் எங்கேனும் ஒரு தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தாரை அழைத்து, உங்கள் தளத்தின் நேற்றைய பிரதியை வேறோர் இயந்திரத்தில் மீட்டுக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். காட்டுகிறவர் சற்று அதிக விலை சொன்னாலும் அவரிடமே இருங்கள். ஹைதராபாத்தில் இத்தொழிலைத் தொடங்க உத்தேசித்திருக்கும் இளைஞர்கள் எனக்கு எழுதலாம். ரேக் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக எழுதினால் இன்னும் நல்லது.